சபதம் முறிந்தவன் எங்கே போவான்?

தவக்காலம் பிறந்துவிட்டால் நம் ஆலயங்களில் சபதங்களுக்குக் குறைவிருப்பதில்லை. திருநீற்றுப் புதனன்று நெற்றியில் சாம்பல் ஏற்கும்போதே ஒருவர் வெற்றிலையை விடுகிறார். ஒருவர் புகையை விடுகிறார். ஒருவர் மதுவை விடுகிறார். நாள் தவறாது செபமாலை சொல்வதாக ஓர் அன்னை நேர்ந்துகொள்கிறார். பாஸ்கா விழா வருவதற்குள் இவற்றுள் எத்தனை உயிரோடிருக்கின்றன என்று நாம் கணக்கெடுப்பதில்லை. முறிந்துபோனவற்றுக்கு நம்மிடம் ஒரே விளக்கந்தான் உண்டு: “மனத்திடம் போதாது.” மறையுரையிலும், தியான மேடையிலும், ஒப்புரவு அருட்சாதனத்திலும் நாம் ஓயாது வழங்கிவரும் இத்தீர்ப்பு பொய்யானது, அன்பற்றது, திருச்சபையின் போதனைக்கே மாறானது என்று சொல்லவே இக்கட்டுரையை எழுதுகிறோம். பிறரைக் குற்றஞ்சாட்டுமுன் குற்றவாளிக் கூண்டில் நாமே ஏறி நிற்பதுதான் முறை.

ஒரு கொத்தனாரின் 28ஆம் நாள்

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் வேறொரு பங்கில் பணியாற்றியபோது, தவக்காலத் தொடக்கத்தில் மூன்று நாள் தியானம் நடத்தினோம். ஞாயிறன்று இறுதி இரவில் நாற்பத்திரண்டு ஆண்கள் பீடத்தின்முன் முழந்தாளிட்டு, விவிலியத்தின்மேல் கைவைத்து, வாழ்நாள் முழுவதும் இனி மதுவைத் தொடுவதில்லை எனச் சபதமேற்றனர். பெண்கள் அழுதார்கள், நாமும் கண்கலங்கினோம். பங்கு மடலில் அந்த எண்ணிக்கையைப் பெருமையோடு அச்சிட்டோம்.

அவர்களுள் ஒரு கொத்தனார். மூன்று சனிக்கிழமைகளைப் பல்லைக் கடித்துக்கொண்டு கடந்துவிட்டார். 28ஆம் நாள் நான்காவது சனிக்கிழமை. சனிக்கிழமை என்றால் சம்பள நாள். மேஸ்திரி கூலியைப் பிரித்துக் கொடுக்கும் இடமோ மதுக்கடைக்கு எதிரேயிருந்த தேநீர்க்கடை. அன்று அவர் குடித்தார். மறுநாள் ஞாயிறு திருப்பலியில், கலப்பையில் கை வைத்தபின் திரும்பிப் பார்ப்பவனைப் பற்றிய ஆண்டவரின் சொல்லை எடுத்துக்கொண்டு நாம் முழங்கினோம். பெயர் எதுவும் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. வாசலோரம் நின்றிருந்தவர் காணிக்கைப் பாடல் தொடங்குமுன் வெளியேறினார். பிறகு ஆலயப் பக்கமே வரவில்லை.

சில வாரங்கள் கழித்து அவர் மனைவி நம்மைத் தேடி வந்தார். “மனத்திடம் இல்லாத ஆளம்மா, நாம் என்ன செய்ய முடியும்?” என்றோம். அந்த அம்மாள் தலைகுனிந்தபடியே மறுமொழி சொன்னார்: “மனசு இருந்துச்சு சாமி. சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்குப் போறதுக்கு அவருக்கு வேற எடந்தான் இல்ல.”

சாக்குப்போக்கு என்றே அன்று எண்ணினோம். நான்கு ஆண்டுகளுக்குப்பின் ஈரல் கெட்டு இறந்த அவரை அடக்கம் செய்யக் கல்லறைத் தோட்டத்தில் நின்றபோதுதான், அந்த ஆண்டின் தவக்காலத்தில் அப்பங்கில் சொல்லப்பட்ட உண்மையான மறையுரை அந்த அம்மாளுடையதே என்று நமக்கு விளங்கிற்று. சபதம் முறிந்ததனால் மட்டும் அவர் அழியவில்லை. முறிந்தவனுக்குத் திரும்பி வர ஒரு வாசலை நாம் வைக்கவில்லை.

மணியோசையின் பிள்ளைகள்

நம் சொந்த மனத்திடத்தின் கதையையும் வாசகர்கள் கேட்க வேண்டும். நமக்கு நீரிழிவு நோய் உண்டு. நாள்தோறும் நடக்க வேண்டும் என்று மருத்துவர் சொன்னபின் ஐந்து புத்தாண்டுகளில் ஐந்து முறை தீர்மானம் செய்தோம். ஒரு தீர்மானமும் பொங்கலைத் தாண்டவில்லை. ஆறாம் ஆண்டு நம் கோயில்பிள்ளை, யாரும் சொல்லாமலே, காலைத் திருப்பலி முடிந்ததும் திருப்பண்ட அறை வாசலில் வந்து நின்று, “சாமி, போவோமா?” என்றார். போனோம். இன்றுவரை போய்க்கொண்டிருக்கிறோம். நம் மனம் ஆறாம் ஆண்டில் திடீரென்று எஃகாகிவிடவில்லை. வாசலில் ஓர் ஆள் வந்து நின்றார், அவ்வளவே.

சற்று ஆழ்ந்து நோக்கினால் நம் குருத்துவ வாழ்வே இதற்குச் சான்று. கட்டளைச் செபத்தைத் தவறாது சொல்கிறோம்; விடியற்காலையில் எழுகிறோம். இவை நம் புண்ணியங்கள் என மக்கள் மதிக்கிறார்கள். உண்மையில், குருமடத்தில் ஆண்டுக்கணக்காக ஒரு மணி நம்மை எழுப்பியது. பக்கத்துக் கட்டிலில் இருந்தவனும் எழுந்தான். ஆகவே நாமும் எழுந்தோம். உண்ணவும், படிக்கவும், மௌனம் காக்கவும் மணி அடித்தது. ஆறாம் நூற்றாண்டில் புனித ஆசீர்வாதப்பர் தம் துறவியருக்குச் செபவேளைகளை வகுத்துக் கொடுத்தது முதல் திருச்சபை இந்த உண்மையை நன்கறியும்: நல்ல பழக்கம் என்பது நேரமும் இடமும் தோழமையும் சேர்ந்து கட்டும் வீடு.

இங்கேதான் நம் குற்றச்சாட்டு எழுகிறது. குருவுக்கு மணியையும் மதிலையும் தோழர்களையும் கொடுத்த நாம், கொத்தனாருக்கு ஒரு சபதத்தை மட்டும் கொடுத்துத் தெருவில் விட்டோம். அவர் விழுந்தபோது, நம்மிடம் இருந்த அனைத்தும் அவரிடம் இருந்தனபோல நியாயம் தீர்த்தோம். இது நீதியா?

மறைவல்லுநர் சொல்வது என்ன?

மனத்திடத்தைப் புகழ்ந்து பேசுவோர் தாம் மரபின் பக்கம் நிற்பதாகக் கருதுகிறார்கள். மரபு அவர்கள் பக்கம் இல்லை. நன்மையை விரும்பியும் அதைச் செய்ய இயலாத தம் அவலத்தைப் பவுலடிகள் உரோமையர் திருமுகத்தின் ஏழாம் அதிகாரத்தில் மறைக்காமல் எழுதினார். பழக்கம் எவ்வாறு கண்ணி கண்ணியாக இறுகி மனிதனைக் கட்டாயத்துக்குள் சிறைப்படுத்துகிறது என்பதைப் புனித அகுஸ்தினார் தம் ‘அறிக்கைகள்’ நூலின் எட்டாம் பகுதியில் விளக்குகிறார். கி.பி. 386இல் மிலான் தோட்டத்தில் அவர் மனம் திரும்பியபோதும் தனியாக இருக்கவில்லை. நண்பர் அலீப்பியுஸ் உடனிருந்தார். அன்னை மோனிக்காவின் கண்ணீர் பல ஆண்டுகளாக அவரைப் பின்தொடர்ந்து வந்திருந்தது.

அக்குவினா நகர்ப் புனித தோமா, பொதுவாக ஒரே செயலால் நற்பழக்கம் உருவாவதில்லை, பலமுறை செய்தே அது வேரூன்றும் என்று கற்பிக்கிறார். அதைவிட முக்கியமான வேறொன்றும் சொல்கிறார். அருளால் புண்ணியங்களைப் பெற்ற ஒருவனும், முன்னைய செயல்கள் விட்டுச்சென்ற எதிர்ச்சாய்வுகளால் அப்புண்ணியங்களைச் செயல்படுத்தத் துன்புறலாம் என்பதே அது. நம் சொற்களில் சொன்னால், ஞாயிறன்று பாவமன்னிப்புப் பெற்றவனுக்குச் சனிக்கிழமை தாகம் எடுக்கும். அந்தத் தாகம் அவனுடைய மனமாற்றம் பொய் என்பதற்கு அடையாளம் ஆகாது.

1992இல் வெளியான கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலும் 1735ஆம் எண்ணில், பழக்கம் ஒருவருடைய பொறுப்பைக் குறைக்கவோ நீக்கவோ கூடும் என்று தெளிவாகக் கூறுகிறது. மனித முயற்சியாலேயே நல்லவராகிவிடலாம் என்ற பெலாஜியுசின் கொள்கையை 418இல் கார்த்தேஜ் சங்கம் கண்டித்தது. அவரைப் புத்தகத்தில் கண்டித்துவிட்டு, மறையுரை மேடையில் ஏற்றிவைத்திருக்கிறோம். மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ், தூய வாழ்வு பற்றி 2018இல் எழுதிய திருத்தூது ஊக்கவுரையில், இந்தப் பழைய தப்பறை புதிய உடையில் நம்மிடையே உலவுவதை எச்சரித்தது காரணமின்றி அன்று.

திருவள்ளுவர் வினைத்திட்பத்துக்குப் பத்துக் குறள் தந்தார் என்று மேடைகளில் முழங்குகிறோம். பெரியாரைத் துணைக்கொள்வதற்கும் சிற்றினம் சேராமைக்குமாக இருபது குறள் தந்திருக்கிறார் என்பதை மறந்துவிடுகிறோம். அறிவு தன் உள்ளத்திலிருந்தே பிறப்பதாக மனிதன் நினைத்தாலும், அது அவன் சேர்ந்த கூட்டத்திலிருந்தே வருகிறது என்பது அவருடைய துணிபு.

இருபத்தொரு நாள் வியாபாரம்

ஆலயத்துக்கு வெளியே இந்தப் பொய்த்தெய்வத்துக்கு இன்னும் பெரிய சந்தை இருக்கிறது. இருபத்தொரு நாளில் எப்பழக்கத்தையும் வென்றுவிடலாம் என்று பயிலரங்குகளில் கட்டணம் வாங்கிக்கொண்டு கற்பிக்கிறார்கள். இந்த எண் எங்கிருந்து வந்தது? 1960இல் மாக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர், முகச் சீரமைப்புப் பெற்றவர்கள் தம் புதிய முகத்துக்குப் பழகக் குறைந்தது ஏறத்தாழ 21 நாள் ஆவதாக எழுதினார். நிலைக்கண்ணாடியில் முகம் பார்த்துப் பழகுவதைக் குடியை விடுவதற்கு அளவுகோலாக்கியவர்கள் பின்னால் வந்தவர்கள்.

இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர்கள் 96 பேரைக் கொண்டு நடத்திய ஆய்வு 2010இல் அச்சேறியது. உணவோடு ஒரு பழம் உண்பது, உணவுக்குமுன் சிறிது நேரம் ஓடுவது போன்ற எளிய செயல்களே பழக்கமாக வேரூன்ற நடுவளவாக 66 நாள் ஆயின. 18 நாள் முதல் 254 நாள் வரை ஆளுக்கு ஆள், செயலுக்குச் செயல் வேறுபட்டது. இடையில் ஒருநாள் தவறவிட்டதால் பழக்கம் உருவாவது பெரிதும் பாதிக்கப்படவில்லை என்பதும் அதில் தெரிந்தது. குடிநோயின் பிடி பழம் உண்பதைவிடப் பன்மடங்கு கடியது என்பதை மறக்கலாகாது. ஆயினும் ஒருநாள் சறுக்கியவனை அனைத்தையும் இழந்தவன் என்று நடத்துவதற்கு எந்த ஆதாரமும் இல்லை. அந்த ஆதாரமற்ற தீர்ப்பைத்தான் நாம் அன்று மறையுரையாக வழங்கினோம்.

ஜெர்மனியில் 205 பேருடைய அன்றாட ஆசைகளைப் பதிவுசெய்து 2012இல் வெளியான மற்றோர் ஆய்வு நம் எண்ணத்தையே புரட்டிப்போடுகிறது. தன்னடக்கம் மிக்கவர்கள் சோதனைகளோடு பிறரைவிட அதிகமாகப் போராடி வெல்பவர்கள் என்றுதானே நினைக்கிறோம்? அவர்கள் குறைவாகவே போராடினார்கள். சோதனை எதிர்ப்படாதவாறு அவர்களுடைய வாழ்க்கை அமைந்திருந்தது.

ரோச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் 28 குழந்தைகளைக் கொண்டு நடத்தி 2013இல் வெளியிட்ட சோதனை ஒன்றையும் குறிப்பிட வேண்டும். நல்ல ஓவியப் பொருள்கள் கொண்டுவருவதாகப் பெரியவர் ஒருவர் முதலில் வாக்களித்தார். சில குழந்தைகளுக்கு வாக்கைக் காப்பாற்றினார், மற்றவர்களை ஏமாற்றினார். பிறகு ஓர் இனிப்பை முன்வைத்து, உடனே உண்ணாமல் காத்திருந்தால் இரண்டு தருவதாகச் சொன்னார். வாக்குக் காப்பாற்றப்பட்ட குழந்தைகள் சராசரியாகப் பன்னிரண்டு நிமிடம் காத்திருந்தார்கள்; ஏமாற்றப்பட்டவர்கள் மூன்றே நிமிடம். மனத்திடம் என்று நாம் பெயரிடுவதில் பெரும்பகுதி நம்பிக்கை என்பது விளங்கவில்லையா? வாழ்நாள் முழுவதும் ஏமாற்றப்பட்ட ஓர் ஏழையிடம், நாளைய நன்மைக்காக இன்றைய இன்பத்தைத் துற என்று கட்டளையிடுமுன், நாளை வரும் என்று அவன் நம்புவதற்கு நாம் என்ன செய்தோம்?

டப்ளின் நகரின் கூலியாள்

மரியாயின் சேனை 1921இல் பிறந்த நகரம் என்பதால் டப்ளின் நம் மக்களுக்குத் தெரிந்த பெயரே. மதுவிலக்குச் சபதங்களின் ஏற்றமும் இறக்கமும் அயர்லாந்து நாட்டில் நமக்குப் பாடமாக நிற்கின்றன. கார்க் நகரில் கப்புச்சின் துறவி தியோபல்ட் மேத்யூ 1838 ஏப்ரல் 10 அன்று மதுவிலக்கு இயக்கத்தைத் தொடங்கினார். அவர் சென்ற இடமெல்லாம் மக்கள் திரள் திரளாக முழந்தாளிட்டுச் சபதமேற்றார்கள். அவர்கள் தொகை இலட்சக்கணக்கில் பெருகியது. அடுத்து வந்த பெரும் பஞ்சம் நாட்டை உருக்குலைத்தது. சபதமேற்றவர்களைக் கட்டிக்காக்கும் உறுதியான அமைப்பும் இருக்கவில்லை. 1856இல் அவர் இறந்தபோது அந்த அலை பெரும்பாலும் வடிந்துவிட்டிருந்தது. 1898இல் இயேசு சபைக் குரு ஜேம்ஸ் கல்லன் டப்ளினில் புதிய மதுவிலக்குச் சங்கம் கண்டபோது கூட்டத்தைத் தேடவில்லை. நான்கு பெண்களோடு தொடங்கினார். உறுப்பினர் திருஇதயச் சின்னத்தை அணிந்தார்கள். குடிநோயாளருக்காக நாள்தோறும் செபித்தார்கள். அச்சங்கம் நிலைத்தது.

மேத்யூ அடிகள் இறந்த அதே 1856இல் பிறந்தவர் டப்ளின் கூலித் தொழிலாளி மாட் டால்பட். பன்னிரண்டு வயதில் மது வணிகர் ஒருவரிடம் வேலைக்குச் சேர்ந்து, சிறுவனாகவே குடிக்கு அடிமையானார். 1884இல், இருபத்தெட்டாம் வயதில், சபதமேற்றார். எத்தனை காலத்துக்கு? மூன்று மாதத்துக்கு! வாழ்நாள் சபதம் பின்னால் வந்தது. சாவடிக்குப் போன மாலைவேளையில் ஆலயத்துக்கு நடந்தார். வேலைக்குச் செல்லுமுன் விடியற்காலைத் திருப்பலி கண்டார். கையில் காசு வைத்துக்கொண்டு வெளியே போவதை நிறுத்தினார். குருமடப் பேராசிரியரான ஒரு குரு அவருக்கு வழிகாட்டியாய் நின்றார். 1925 ஜூன் 7 அன்று திருப்பலிக்குச் செல்லும் வழியில் தெருவில் விழுந்து இறக்கும்வரை, நாற்பத்தோர் ஆண்டுகள் அவர் குடிக்கவில்லை. 1975இல் திருச்சபை அவரை வணக்கத்துக்குரியவர் என அறிவித்தது.

அவருடைய மனத்திடத்தைப் புகழ்வோர் மேற்சொன்னவற்றை மீண்டும் எண்ணிப் பார்க்கட்டும். குறுகிய காலச் சபதம், மாற்றியமைத்த மாலைவேளை, காசில்லாத சட்டைப்பை, திறந்திருந்த ஆலயக் கதவு, உடனிருந்த ஒரு குரு. இவையனைத்தையும் நிரப்பியது இறையருள். அருள் இவற்றைத் தவிர்த்து வரவில்லை. இவற்றின் வழியாகவே வந்தது.

இரு மறுப்புகள்

“அப்படியானால் எவனுக்குமே பொறுப்பில்லையா? குடித்துவிட்டு மனைவியை அடிப்பவனையும் சூழ்நிலையின் பெயரால் விடுவித்துவிடுவீரா?” என்று கேட்பார்கள். விடுவிக்கமாட்டோம். அடிபடுகிற பெண்ணுக்கு முதலில் பாதுகாப்பு வேண்டும், அதில் பேரமில்லை. விருப்பாற்றல் இறைவன் தந்த கொடை. அதற்கு வேலையும் உண்டு. மதுக்கடை வாசலில் நின்று மல்லாடுவது அதன் தக்க வேலை ஆகாது. மனம் தெளிந்திருக்கும் செவ்வாய்க்கிழமைக் காலையில், “இந்தச் சனிக்கிழமை என் கூலியை என் மனைவி வந்து வாங்கட்டும்” என்று மேஸ்திரியிடம் சொல்லிவைப்பதே அதன் வேலை. போராடும் நேரத்தையும் இடத்தையும் முன்கூட்டியே தேர்ந்துகொள்வதுதான் மூதறிவு. அந்தத் தெளிந்த நேரத்தில் செய்யக்கூடியதைச் செய்யாதவன் பொறுப்புடையவனே. அதைச் செய்ய உதவாத நாமும் பொறுப்புடையவர்களே.

“இவையெல்லாம் உலக உத்திகள், செபம் போதாதா?” என்பது இன்னொரு மறுப்பு. சோதனைக்கு உட்படுத்த வேண்டாமென்று ஆண்டவர் நமக்குச் செபிக்கக் கற்றுத்தந்தார். அச்செபத்தை ஞாயிறுதோறும் சொல்லிக்கொண்டே, சகோதரனைச் சனிதோறும் சோதனையின் வாசலில் கூலிக்காக நிற்கவைப்பது செபத்தைக் கேலி செய்வதாகும்.

நாம் செய்யத்தக்கவை

முதலாவது, தியான இரவின் உணர்ச்சிப் பெருக்கில் வாழ்நாள் சபதம் வாங்குவதை நாம் நிறுத்திவிட்டோம். உடன்பணியாளர்களும் நிறுத்த வேண்டுமென வேண்டுகிறோம். ஒரு மாதம் போதும். மாத முடிவில் மீண்டும் வரட்டும். விழுந்தவனும் வரட்டும், விழாதவனும் வரட்டும். நாள்தோறும் மிகுதியாகக் குடித்து உடல் அதற்கே பழகிவிட்டவர் திடீரென நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாகலாம். ஆகவே, அத்தகையவரைப் பீடத்துக்கு அழைக்குமுன் மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும்.

இரண்டாவது, நம் பங்குகளில் ஒப்பந்தக்காரர்களாகவும் மேஸ்திரிகளாகவும் இருக்கும் கத்தோலிக்கர் கூலி கொடுக்கும் இடத்தை மாற்ற வேண்டும். 2003ஆம் ஆண்டு முதல் மதுச் சில்லறை விற்பனை அரசின் கையில் இருக்கிறது. கடையை மூடும் அதிகாரம் நம்மிடம் இல்லை. கூலியை எங்கே கொடுப்பது என்பது நம் கையில் இருக்கிறது.

மூன்றாவது, சபதம் முறிந்த செய்தி கிடைத்த அன்றே அன்பியத்திலிருந்து இருவர் அந்த வீட்டுக்குப் போக வேண்டும். அறிவுரை வேண்டாம். “நாளைக்குப் பூசைக்குச் சேர்ந்து போவோம்” என்ற ஒரு சொல் போதும். அந்த ஒரு சொல் அன்று கிடைத்திருந்தால் நம் கொத்தனார் வாசலோரத்திலிருந்து வெளியேறியிருக்கமாட்டார். வெளியேறியிருந்தாலும் திரும்பி வந்திருப்பார் என்று நம்புகிறோம்.

நான்காவது, மிக எளியது. நம் பங்குகளில் மன்றங்கள் இருக்கின்றன. திருமண வரவேற்புக்கும் கூட்டங்களுக்கும் திறக்கிறோம். மற்ற நாள்களில் பூட்டி வைக்கிறோம். இப்போது நாம் இருக்கும் பங்கில் இரண்டாண்டுகளாகச் சனிக்கிழமை மாலை ஐந்தரை முதல் ஒன்பது வரை மன்றம் திறந்திருக்கிறது. இரண்டு கேரம் பலகைகள், செய்தித்தாள்கள், சுக்குக் காப்பி. மறையுரை கிடையாது. சில வாரம் இருபது பேர் வருகிறார்கள். சில வாரம் நால்வர். வந்தவர்களுள் இருவர் இடையில் விழுந்தார்கள்; அடுத்த வாரம் மீண்டும் வந்தார்கள். வெற்றி என்று இதைப் பறைசாற்றமாட்டோம். எண்ணிக்கையை இனி மடலில் அச்சிடுவதும் இல்லை.

இதை வாசிக்கும் பொதுநிலையினரே, உங்கள் பங்குத்தந்தையிடம் இவ்வாண்டு ஒன்று கேளுங்கள். தவக்காலத்தில் எத்தனை பேர் சபதமேற்றார்கள் என்று கேட்க வேண்டாம். சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு மன்றத்தின் சாவி யாரிடம் இருக்கிறது என்று கேளுங்கள்.